‘தெரியல’ சார்

எங்கள் பிரிவில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ‘தெரியல’ சார். அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவர் காதுக்குப் போயிருக்கும். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்ட பிறகுதான் பதில் வரும். வருகிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். “இன்னும் தெரியல. பாக்கறேன்.”

மற்றவர்கள் ‘பாக்கறேன்’ என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று பொருள். அவர் சொன்னால் அப்போதுதான் தொடங்குகிறது.

ஊரிகத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றில் எங்கள் பிரிவு இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. தங்கச் சுரங்கம் மூடப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்; ஆனாலும் மூன்று ஷிஃப்டுக்கும் ஆட்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பல ஆயிரம் அடி ஆழம்; அவ்வளவு ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும். வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கும். குலுங்கியதும் தெருவில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி, “எந்தப் பக்கம்?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே எங்கள் பிரிவின் வேலை. தரைக்கு மேலும் கீழும் பல இடங்களில் ஜியோபோன் என்கிற அதிர்வுமானிகளைப் பதித்திருந்தார்கள். அவற்றிலிருந்து வருகிற அதிர்வுகளை வைத்து வெடிப்பு எந்த லெவலில், எந்த இடத்தில் நடந்தது என்று ஒரு யூனிக்ஸ் கணினி கணக்கிட்டுச் சொல்லும். மீட்பு ஆட்கள் அந்த இடத்துக்குத்தான் ஓடுவார்கள்.

நான் அங்கே ஆபரேட்டர். டேப் மாற்றுவது, புரோகிராம்களை ஓட்டிவிடுவது, காலையில் அச்சான தாள்களைக் கிழித்து அவரவர் மேசையில் வைப்பது. அவர் மூத்த புரோகிராமர். நாற்பதைத் தாண்டியவர், மெலிந்தவர். எல்லோரையும், எங்கள் துப்புரவுத் தொழிலாளியைக்கூட, ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார்.

ஒரு முறை எங்கள் கணினி தவறான இடத்தைச் சொல்லிவிட்டது. வெடித்தது ஒரு பக்கம். மீட்பு ஆட்கள் இறங்கியது நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம். யாருக்கும் பெரிய காயம் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேலிடம் கேட்டது. தேடிப் பார்த்தபோது புரோகிராமின் ஒரு பகுதி, தனக்குக் கொடுத்த நினைவக இடத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்தில் எழுதியிருந்தது தெரிந்தது. ஒரே சுவரைப் பங்குபோட்டு வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில் நம் வீட்டு ஆணி அடுத்த வீட்டுச் சுவரில் முளைக்குமே, அந்த மாதிரி. அடிக்கிறவருக்குத் தெரியாது. அடுத்த வீட்டில்தான் படம் கீழே விழும்.

அதன் பிறகுதான் நினைவகத்தைச் சோதிக்கும் கருவி ஒன்றை வாங்கினார்கள். அதுவும் ஒரு புரோகிராம்தான். நம் புரோகிராமைத் தன் பிடியில் வைத்து ஓட்டும்; ஒவ்வொரு முறை அது நினைவகத்தைத் தொடும்போதும், ‘இது உன் இடம்தானா?’ என்று பார்க்கும். இல்லையென்றால் ஒரு எச்சரிக்கை எழுதும். நாங்கள் அதற்கு ‘வாட்ச்மேன்’ என்று பெயர் வைத்தோம். மாலையில் ஓட்டிவிட்டுப் போவேன்; காலையில் வந்தால் அதன் புகார்கள் அச்சாகிக் கிடக்கும்.

வாட்ச்மேன் உண்மையான திருடனைப் பிடித்தது உண்டு. பூனைக்கும் விசில் அடித்தது உண்டு. பூனைகள்தான் அதிகம். அதற்கு ஒரு வழியும் அதிலேயே இருந்தது. ‘இந்த இடத்தில் இந்தப் புகாரை இனிச் சொல்லாதே’ என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், அடுத்த நாள் முதல் அதைப் பற்றிப் பேசாது. நாங்கள் அதை வாய்ப்பூட்டு என்போம். பக்கத்து மேசை பீட்டர், தாள் வந்த உடனே பூட்டுப் போடுகிறவன்.

“பூட்டிட்டேன் சார். சும்மா கத்துது.”

“சும்மான்னு எப்படித் தெரிஞ்சுது?”

“பாத்தாலே தெரியுது சார்.”

“எங்க நின்னு பாத்தீங்க?”

இந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்பார். கோபமே இல்லாமல் கேட்பார். பிறகு பீட்டரின் பூட்டைத் திறந்துவிட்டு, தாளைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டு போவார். “அது பொய் சொல்லலம்மா,” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். “அது நிக்கற எடத்துலேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியுது. அது எங்க நிக்குதுன்னு கண்டுபுடிச்சிட்டா, அப்புறம் பூட்டிக்கலாம். கண்டுபுடிக்காம பூட்டக் கூடாது.”

வேலையில் மட்டும் இப்படி என்றில்லை. அவர் இருந்த லைனில் ஒரு பெண்மணி, மத்தியான வேளையில் யாரோ பின்சுவரைத் தட்டுகிறார்கள் என்று அழுதுகொண்டிருந்தாள். கணவன் இறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மந்திரிக்கச் சொன்னார்கள், வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். இவர் விடுப்புப் போட்டுவிட்டு, அவள் மாமியாரிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். தட்டுகிற சத்தம் வந்தது. எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தார். பின்னால் போகிற சுரங்கத் தண்ணீர்க் குழாய். மேலே எங்கோ வால்வை மூடும்போதெல்லாம் குழாய் துள்ளிச் சுவரில் இடிக்கிறது. குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாக்குத் துணியைச் செருகினார். சத்தம் நின்றது. அந்தப் பெண்மணி அவரைக் கும்பிட்டதாக அவர் மனைவி சொன்னார்.

சொன்ன விதம்தான் வேறு மாதிரி இருந்தது. “ஊர்க்காரங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் பாக்கறாரும்மா. எங்க வீட்ல சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு பையன் சொன்னா, நாலு பேர் தட்டுலயும் தொட்டு நக்கிப் பாப்பாரு. நான் ஒண்ணு சொன்னா ‘ஆமா, நீ சொல்றது சரி’ன்னு ஒரு நாளும் வந்தது இல்ல. ‘பாக்கறேன்’. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாத்துக்கினே கீறாரு.”

எதனால் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். அவர் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கீழே இறங்குகிறவர்கள் டோக்கனை எடுத்துக்கொண்டு போவார்கள். ஏறி வந்ததும் பலகையில் மாட்ட வேண்டும். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து எல்லா டோக்கனும் வந்துவிட்டது, அவர் அப்பாவுடையதைத் தவிர. ஆள் கீழேயே இருக்கிறார் என்று டைம் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார்கள். அம்மா தெருவில் விழுந்து புரண்டாளாம். அப்பாவோ வேறு ஷாஃப்ட் வழியாக ஏறி, அங்கே சிநேகிதன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மெதுவாக நடந்து வந்தார்.

“எல்லாரும் டைம் ஆபீஸ்காரன அடிக்கப் போனாங்க. அவன் மேல இன்னா தப்பு? பலகைல டோக்கன் இல்ல. வேற வழியா ஏறி வந்தது பலகைக்கு எப்படித் தெரியும்?”

“உங்கம்மா பட்ட பாடு?” என்றேன்.

“அது வேறம்மா,” என்றார்.

யசோதரா எங்கள் பிரிவுக்கு வந்தது அதற்குப் பிறகு. மாரிகுப்பத்துப் பெண். அப்பாவுக்கு நுரையீரல் போய் வேலையை விட்டுவிட்டார். பௌத்தக் குடும்பம், பெயரை யாராவது ‘யசோதா’ என்று சுருக்கினால் திருத்துவாள், ‘யசோ’ என்றால் விட்டுவிடுவாள். தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எங்கள் பிரிவுத் தலைவர் நீட்டித்துக் கொடுத்தால் உண்டு. பீட்டரும் அப்படித்தான். அவள் எழுதுகிற புரோகிராம் அவள் தலைமுடி மாதிரி இருக்கும். ஒரு இழை வெளியே நிற்காது. அவரே ஒரு நாள் அவளுடைய பக்கங்களைப் படித்துவிட்டு, “சுத்தமா கீது,” என்றார். அவர் வாயிலிருந்து அதுதான் பெரிய பாராட்டு. அவள் அன்றைக்கு எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள்.

இங்கே எங்கள் பிரிவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் ஒவ்வொரு தொழிலாளர் கேங்கும் தான் நிரப்பிய வண்டியில் தன் அடையாள வில்லையைப் போட்டுத்தான் மேலே அனுப்பும். யார் வண்டி என்று அப்போதுதான் தெரியும். எங்கள் தலைவர் மைசூர்க்காரர்; தமிழ் பேசும்போது நடுநடுவே கன்னடம் வந்துவிடும். சுரங்கத்தில் பல காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அதே விதியைக் கணினிக்கும் கொண்டுவந்தார். புரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும் அல்லவா? அந்தப் பெயர், எழுதியவரின் பெயரில் தொடங்க வேண்டும். ‘பீட்டர்_டேப்’, ‘யசோ_ஸ்டேஷன்’ என்று. வேறு எங்கும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எங்களுக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

ஒரு காலையில் வாட்ச்மேனின் தாளில் முதல் வரியாக ‘யசோ_ஸ்டேஷன்’ வந்தது. தனக்குக் கொடுத்த இடத்துக்கு அப்பால், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தைப் படிக்கிறது என்று புகார்.

அது சின்னப் பகுதி. அதிர்வு எந்த ஜியோபோன் நிலையத்திலிருந்து வந்தது என்று அந்தப் பெயரை வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். விசித்திரம் என்னவென்றால், ஊரிகம் நிலையம் வந்தால் வாட்ச்மேன் சும்மா இருந்தான். மாரிகுப்பம் வந்தால் கத்தினான். நந்திதுர்க் வந்தாலும் கத்தினான்.

“வாட்ச்மேன் ஊரிகத்துக்காரன் போல,” என்றான் பீட்டர். “யசோ, உன் சொந்த ஊரையே நீ சரியா எழுதல பாரு.”

“போய் உன் டேப்பப் பாரு,” என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒரு வாரம் போனபின் அவள் சிரிக்கவில்லை. தினமும் முதல் வரி அவள் பெயர். தாள்களைக் கிழித்து வைக்கும்போது அவள் மேசைக்கு நான் கடைசியாகத்தான் போவேன். அவள் தன் பகுதியை வரிவரியாக அவரிடம் காட்டினாள்.

“மாரிகுப்பம், இங்கிலீஷ்ல பத்து எழுத்து சார். முடிவுக்குறி ஒண்ணு. பதினொரு எடம் வேணும். பதினொண்ணுதான் கேட்டிருக்கேன். அதுக்குள்ளதான் எழுதறேன்.”

“சரியாத்தாம்மா கீது.”

“அப்போ பூட்டிடலாமா சார்?”

“ஏன் கத்துதுன்னு இன்னும் தெரியலயே.”

பீட்டர்தான் அவளுக்கு ஒரு வழி சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. “பதினொண்ணு கேக்கற எடத்துல நாலஞ்சு சேத்துக் கேளு. வாட்ச்மேன் வாய மூடிக்குவான். யாரும் கேக்க மாட்டாங்க.” அவள் அப்படியே செய்தாள். அடுத்த நாள் தாளில் அவள் பெயர் இல்லை. காலையில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அவர் வந்தார். தாளைப் பார்த்தார். நேராக அவள் மேசைக்குப் போனார்.

“இன்னா மாத்துனீங்க?”

அவள் சொன்னாள்.

“பழையபடி வெச்சிடுங்கம்மா.”

“சார், இதுல தப்பு ஒண்ணும் இல்லையே. கொஞ்சம் எடம் வேஸ்ட், அவ்ளோதான்.”

“தப்பு இல்ல. ஆனா கத்தறது நின்னுட்டா, ஏன் கத்துச்சுன்னு தெரியாமயே போயிடும். நாளைக்கு வேற எடத்துல வரும். அன்னிக்கு வெடிச்சது ஒரு பக்கம், ஆளுங்க எறங்குனது ஒரு பக்கம், நெனவு கீதா?”

அவர் சொன்னதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவள் பழையபடி வைத்துவிட்டாள். மறுநாள் முதல் வரியில் திரும்ப வந்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தற்காலிக ஆட்கள் இருவரில் ஒருவரைத்தான் நீட்டிக்க முடியும். தலைவர் தன் அறைக்கு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். மேசை மேல் வாட்ச்மேனின் தாள்கள், பல நாள் தாள்கள், அடுக்கியிருந்தன. நிரந்தர ஆட்களில் புரோகிராம் தெரிந்தவர் ‘தெரியல’ சார் ஒருவர்தான் என்பதால் தலைவர் அவரைப் பார்த்துக் கேட்டார்.

“நோடி, நான் சுத்தி வளைச்சுக் கேக்கல. தினம் தினம் இந்தப் பொண்ணு பேரு மேல வருது. பீட்டர் பேரு வரல. இவ எழுதினது தப்பா, இல்லையா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். யசோ சுவரோரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூரா படிச்சிட்டேன் சார். தப்பு எதுவும் எனக்குத் தெரியல. ஆனா ஏன் கத்துதுன்னு இன்னும் தெரியல.”

“அப்போ தப்பு இருக்கலாம்?”

“இருக்கலாம், இல்லாம இருக்கலாம் சார். கொஞ்சம் டைம் குடுங்க. பாக்கறேன்.”

“டைம் எங்க ரீ இருக்கு,” என்றார் தலைவர். குரலில் கடுமை இல்லை. ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது மேசை மேல் அச்சாகிக் கிடந்தது.

யசோ அந்த மாதக் கடைசியில் போனாள். கிளம்பும் முன் தன் மேசையைத் துடைத்து வைத்தாள். அவரிடம் போய், “வரேன் சார்,” என்றாள். அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, “விட மாட்டேம்மா, கண்டுபுடிச்சிடுவேன்,” என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

கண்டுபிடிக்கவும் செய்தார். அவள் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன; முதல் வரி அப்படியேதான் வந்துகொண்டிருந்தது, தலைவர்தான் அதன் பிறகு தாளைப் பார்ப்பதில்லை. கையில் பென்சிலோடு என் மேசைக்கு வந்தார். முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“ஊரிகம், இங்கிலீஷ்ல எத்தன எழுத்து?”

“ஏழு.”

“முடிவுக்குறியோட எட்டு. மாரிகுப்பம் பதினொண்ணு. நந்திதுர்க்கும் பதினொண்ணு. எட்டு, நாலால வகுபடும். பதினொண்ணு வகுபடாது. புரியுதா?”

எனக்குப் புரிய வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். கணினிக் கம்பெனியின் ஆள் பெங்களூரிலிருந்து வந்து, யூனிக்ஸின் நூலகத்தில் சில பகுதிகளைப் புதுப்பித்துவிட்டுப் போயிருந்தார். நூலகம் என்பது எல்லா புரோகிராம்களும் பொதுவாகக் கடன் வாங்கிக்கொள்கிற பகுதிகளின் தொகுப்பு. அதில் எழுத்துகளைப் பிரதி எடுக்கிற பகுதி, வேகத்துக்காக, இனி எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்காமல் நாலு நாலாகப் படிக்கிறது. பதினோரு இடத்தை நாலு நாலாகப் படித்தால் பன்னிரண்டாவதையும் தொட்டுவிடும். தொட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். எந்தக் கெடுதலும் இல்லை. வாட்ச்மேனுக்குப் பழைய நூலகத்தைத் தெரியும், புதியதைத் தெரியாது. புதியதில் பகுதிகளின் பெயர்களையும் அழித்துவிட்டிருந்தார்கள். தொட்டது யார் என்று தேடிய வாட்ச்மேன், பெயர் தெரியாதவனைத் தாண்டி, அவனைக் கூப்பிட்டவளின் பெயரை எழுதியிருக்கிறான்.

“அவ மேல எள்ளளவும் தப்பு இல்ல,” என்றார். “இப்போ தெரிஞ்சுது.”

எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிவைத்துவிட்டு, முறைப்படி அந்தப் புகாருக்கு வாய்ப்பூட்டுப் போட்டார். மறுநாள் தாள் வெறுமையாக வந்தது. தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார். நானும் கூட இருந்தேன்.

தலைவர் வெறும் தாளைப் புரட்டிப் பார்த்தார். “ஒள்ளேது, நல்லது. இப்போ சுத்தமா வருதே. அவ போனா, நின்னு போச்சு.”

“அவ போனதால நிக்கல சார். நான் பூட்டுனதால நின்னுச்சு.”

“எதோ ஒண்ணு. எடம் எங்க ரீ இருக்கு இப்போ?”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னையும் அழைத்துக்கொண்டு மாரிகுப்பம் போனார். ஒரு பெண் வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது என்று நினைத்திருப்பார். அவள் வீடு லைனின் கோடியில் இருந்தது. அப்பா உள்ளே இருமிக்கொண்டிருந்தார். அவள் அம்மா பாயைத் தட்டிப் போட்டு, “குந்துங்க சார், டீ போடறேன்,” என்றாள். யசோ இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலைக்குப் போகிறாள். விடியற்காலை ரயிலுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறாள். இளைத்திருந்தாள்.

அவர் தாளை விரித்து எல்லாவற்றையும் சொன்னார். அவளும் குனிந்து கவனமாகத்தான் கேட்டாள். நூலகத்தில் பெயர்களை அழித்துவிட்டார்கள் என்று சொன்னபோது, “ஓ, அதனாலதான் எம் பேரா,” என்றாள். ஒரு நிமிடம் இரண்டு பேரும் பழைய மாதிரி ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

“நாலு நாலாப் படிச்சா அடுத்தவங்க எடத்துக்குள்ள போயிடாதா சார்?”

“போகாது. எடம் குடுக்கறதே நாலு நாலாத்தான்; பன்னெண்டாவது யாருக்கும் சொந்தம் இல்ல.”

“சரிதான்,” என்றாள். பிறகு, “பூட்டிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“பூட்டிட்டேன். காரணத்தோட எழுதி வெச்சிருக்கேன்.”

அவள் தாளை மடித்து அவர் பக்கம் நகர்த்தினாள். “அப்போ நான் இருந்த வரைக்கும் கத்துச்சு. நான் போனப்புறம் நின்னுடுச்சு. அங்க எல்லாருக்கும் அதானே சார் தெரியும்?”

அவர் தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். டீ வந்தது. அவள் அம்மா, “இவ மேல தப்பு இல்லன்னு சொல்லத்தான வந்துகீறீங்க, நல்லது சார், எடுத்துக்குங்க,” என்றாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். திரும்பி நடந்தோம். பாதி வழியில், “அவ நிக்கற எடத்துலேர்ந்து பாத்தா அப்படித்தான தெரியும்,” என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பூட்டைத் திறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமைத் தாளில் ‘யசோ_ஸ்டேஷன்’ முதல் வரியில் நின்றது. தாளை அவரே கிழித்துக்கொண்டுபோய்த் தலைவரின் மேசையில் வைத்தார். “அந்தப் பொண்ணு இங்க இல்ல சார். அவ எழுதுனதுல ஒரு எழுத்து மாத்தல. அப்பவும் வருது பாருங்க.”

தலைவர் முதலில் சிரித்தார். அடுத்தடுத்த நாளும் வந்தபோது பூட்டச் சொன்னார். இவர் மாட்டேன் என்றார். மேலிடத்துக்கு அனுப்புகிற தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தலைவர் கத்தினார். அவளுக்கு ஒரு கடிதம் கொடுங்கள், தப்பு இல்லை என்று பிரிவின் பெயரில் எழுதுங்கள், அன்றைக்கே பூட்டிவிடுகிறேன் என்றார் இவர். தலைவர் அப்படி ஒரு கடிதம் எழுதினால், எதற்காக அவளை அனுப்பினாய் என்று அவரைக் கேட்பார்கள். எழுதவில்லை. பீட்டர் தாழ்ந்த குரலில், “சார், எனக்கு ரொம்பக் கஷ்டமா கீது சார்,” என்றான். அவளைத் திரும்ப எடுத்தால் அவன் எங்கே போவான்? அவனுக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன் அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். கேபிள் சுருள்களுக்கும் பழைய ஜியோபோன்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலி. வாட்ச்மேனை ஓட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். போகிற வழியில் நான் எட்டிப் பார்ப்பேன். “நல்லா கீறீங்களா?” என்பார். வேலையைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சுரங்கம் மூடுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அலுவலக வேலையாக நான் பெங்களூர் போக வேண்டியிருந்தது. ஊரிகத்தில் ரயில் ஏறினேன். மாரிகுப்பத்திலேயே நிரம்பி வருகிற ரயில். பெண்கள் பெட்டியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் யசோ நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“அக்கா, சாரு எப்படி இருக்காரு?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வீட்டிலிருந்து திரும்பிய மறுநாளே பூட்டைத் திறந்தது, தினமும் தாளைக் கொண்டுபோய் வைத்தது, கடிதம் கேட்டது, ஸ்டோர்ஸ்.

“நான் போயும் எம் பேர விடலயா?” என்று சிரித்தாள். பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிய அம்மாள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள். யசோ சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிவைத்த சயனைடு மண் குன்றுகள் கடந்து போயின.

“எனக்காக ஸ்டோர்ஸ் வரைக்கும் போயிருக்காரு,” என்றாள் பிறகு. “அத யாரு கேட்டாங்க? அன்னிக்கு அந்த ரூம்ல ‘தப்பு எதுவும் எனக்குத் தெரியல’ன்னு சொன்னாரில்லக்கா? அது நெசம்தான? பொய் சொல்லச் சொல்லல. அதோட நிறுத்தியிருந்தா போதும்.”

பங்காருபேட்டை வந்தது. ஏறிய கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி எங்கள் முன்னால் வந்து நின்றாள். யசோ பையை எடுத்துக்கொண்டு எழுந்து, அவளை உட்காரச் சொல்லிவிட்டு, பெங்களூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.